க்ளோண்டைக்கா, ஃப்ரீசெல்லா?

தனியாகச் சீட்டாடுபவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான் வந்து நிற்பார்கள். க்ளோண்டைக் என்பது 1990-இல் விண்டோஸ் 3.0-உடன் வந்த அதே சாலிடேர்: ஏழு வரிசை, அதில் 21 சீட்டு கவிழ்ந்து கிடக்கும், தேடுகிற கறுப்பு ஏழு எதன் அடியில் மாட்டியிருக்கிறது என்று தெரியாமலே ஆட வேண்டும், ஒவ்வொன்றாகத் திருப்பும்போது வருகிற சின்னப் படபடப்புதான் ஆளை எழுந்திருக்க விடாது. தோற்றாலும் பழி சீட்டின் மேல். சரி, அடுத்த ஆட்டம்.

ஃப்ரீசெல்லில் அந்தச் சாக்கு செல்லாது. 52 சீட்டும் முகம் காட்டிக் கிடக்கும். விண்டோஸில் வந்த பழைய 32,000 ஆட்டங்களில் 11982-ஆம் எண் ஒன்றுதான் தீராதது. சீட்டைத் தற்காலிகமாக ஒதுக்கி வைக்கத் தரும் நான்கு காலி இடத்தையும் அவசரப்பட்டு நிரப்பினால் கதை முடிந்தது. ஜெயித்தால் அது முழுக்க நம் சாமர்த்தியம், அதனால் என் ஓட்டு இதற்கே. ஆனால் போன் பேசிக்கொண்டே ஆட க்ளோண்டைக்தான் லாயக்கு.