ஹோம் லோன் 'எலிஜிபிலிட்டி வரல'ன்னா: ஹவுசிங் பைனான்ஸா, இல்ல சின்ன கடனை அடைச்சிட்டு திரும்ப பேங்கா?

சென்னை தாண்டி கூடுவாஞ்சேரி பக்கம் 40 லட்சத்துக்கு ரீசேல் பிளாட், 30 லட்சம் லோன் கேட்டேன், பேங்க்ல 18 லட்சம் தான் வரும்னுட்டாங்க. சிபில் (கடனை ஒழுங்கா கட்டுறோமான்னு காட்டுற ஸ்கோர்) 780, சம்பளமும் அதே பேங்க்ல தான் விழுது, அப்புறம் என்ன சார்னு கேட்டா "சிபில் எல்லாம் ஓகே சார், எலிஜிபிலிட்டி வரல"ன்னு மேனேஜர் கால்குலேட்டரை என் பக்கம் திருப்பிட்டார்.

கணக்கு இவ்ளோ தான். கைக்கு வர்றது 62,000. எல்லா ஈஎம்ஐயும் சேர்த்து அதுல பாதிக்கு மேல போகக்கூடாதாம், அதாவது 31,000 (இந்த 'பாதி' பேங்குக்கு பேங்க் மாறும், சம்பளம் ஜாஸ்தின்னா கொஞ்சம் ஏத்துவாங்க). பர்சனல் லோன் 11,000, பைக் 4,000 ஏற்கனவே ஓடுது. மிச்சம் 16,000. 8.5% வட்டி, 20 வருஷம்னா லட்சத்துக்கு 868 ரூபா ஈஎம்ஐ. வகுத்துப் பாருங்க, 18 லட்சத்து சொச்சம்.

வெளிய வர்றதுக்குள்ள ஏஜென்ட் போன். "பேங்கை விடுங்க சார், ஹவுசிங் பைனான்ஸ்ல முழுசா 30 வாங்கித் தரேன்." பேங்க் இல்ல, வீட்டுக் கடனுக்குன்னே இருக்கற கம்பெனி அது. 10.5%, 25 வருஷம், ஈஎம்ஐ 28,325. சம்பளத்துல 70% வரைக்கும் போலாமாம். பழைய 15,000-ஐயும் சேர்த்தா கையில நிக்கிறது 18,700 கூட இல்ல, அதுல ஸ்கூல் பீஸ், மளிகை, அபார்ட்மென்ட் மெயின்டனன்ஸ், அம்மாவுக்கு அனுப்புறது எல்லாம்! லோன் கிடைக்கிறது வேற, கட்ட முடியறது வேறங்க.

இன்னொரு பக்கம், அந்த பர்சனல் லோன்ல பாக்கி இருந்ததே 1.8 லட்சம் தான். அதை மூடிட்டா மாசம் 11,000 விடுபடும், 27,000-ஐ 868-ஆல வகுத்தா 31 லட்சம். 1.8 லட்சம் கட்டினா 12 லட்சத்துக்கு மேல எலிஜிபிலிட்டி ஏறுது. நான் இதைத்தான் செஞ்சேன். ஓடிட்டிருந்த சீட்டைத் தள்ளி எடுத்து அடைச்சேன், கழிவு போனது வலிச்சது தான். சீட்டுத் தவணை பெரும்பாலும் சிபில்ல தெரியாது, ஆனா நம்ம பாக்கெட்ல இருந்து தானே போகுது, அதனால எத்தனை மாசம் பாக்கின்னு பார்த்துட்டு இறங்குங்க. அடைச்சதும் என்ஓசி (பாக்கி இல்லன்னு லெட்டர்) வாங்குங்க, சிபில்ல 'க்ளோஸ்டு'ன்னு வரணும், 'செட்டில்டு'ன்னு (முழுசா கட்டாம பேசி முடிச்சதுன்னு) வந்தா வம்பு. 15 நாளைக்கு ஒரு தடவையாவது சிபில்ல அப்டேட் பண்ணணும்னு 2025 ஜனவரில ரிசர்வ் பேங்க் ரூல் வந்துச்சு, முன்ன மாதிரி ரொம்ப காத்திருக்க வேண்டாம்.

வருஷத்தை 30 ஆக்கலாமேம்பாங்க. பழைய கடன் அப்படியே இருந்தா அதுல கூடுறது ரெண்டரை லட்சம் கூட இல்ல. வேலைக்குப் போற மனைவி இருந்தா கோ-அப்ளிகன்ட்டா போடுங்க, யோசிக்கவே வேண்டாம், எங்க வீட்ல ஒரு சம்பளம் தான்.

இப்ப மெயின் மேட்டர். 8.5-க்கும் 10.5-க்கும் ரெண்டு பர்சன்ட் வித்தியாசம்னு மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க, அந்த வட்டி எதுல தொங்குதுன்னு பாருங்க. 2019 அக்டோபர்ல இருந்து பேங்க் புதுசா தர்ற ப்ளோட்டிங் (வட்டி ஏறி இறங்குற) ஹோம் லோன் எல்லாம் ரெப்போ (பேங்குக்கு ரிசர்வ் பேங்க் கடன் தர்ற வட்டி) மாதிரி வெளி ரேட்டோட கட்டிப் போட்டாகணும், மூணு மாசத்துக்கு ஒரு தடவையாவது ரீசெட் ஆகணும். ஹவுசிங் பைனான்ஸ் கம்பெனிக்கு அந்த ரூல் இல்ல, அவங்க பிஎல்ஆர், அதாவது அடிப்படை வட்டி, அவங்க வைக்கிறது தான். என் லோன் 2025 ஜனவரில 8.5-ல ஆரம்பிச்சது, அந்த வருஷமே ரெப்போ 6.5-ல இருந்து 5.25-க்கு எறங்குச்சு, நான் யார்கிட்டயும் போய் நிக்காமலே என் வட்டியும் கூடவே எறங்குச்சு. ஈஎம்ஐயைக் குறைக்காதீங்க, வருஷத்தைக் குறைங்கன்னு எழுதிக் கொடுத்துட்டேன், கிட்டத்தட்ட மூணு வருஷம் போயிடுச்சு. ஹவுசிங் பைனான்ஸ் பக்கம் போன ஆபீஸ் பிரண்டுக்கு புது கஸ்டமருக்கு ஒரு ரேட், பழைய ஆளுக்கு ஒரு ரேட், குறைக்கணும்னா கன்வர்ஷன் பீஸ் கட்டுன்னு சொல்லிருக்காங்க. எல்லா கம்பெனியும் இப்படித்தான்னு நான் சொல்ல வரல, பெரிய கம்பெனிங்க சிலது பேங்க் ரேட்டுக்கே தருவாங்க. ஏறும்போதும் பேங்க்ல சட்டுனு ஏறும்ங்கிறதையும் சொல்லிடறேன், 2022 மே மாச ஆரம்பத்துல 4%-ல இருந்த ரெப்போ 2023 பிப்ரவரிக்குள்ள 6.5 ஆச்சு.

"ஒரு வருஷம் கழிச்சு பேங்குக்கு மாத்திக்கலாம் சார்"னு ஏஜென்ட் சொல்வார். ப்ளோட்டிங் லோன்ல முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது, அது நிஜம். ஆனா நம்ம தமிழ்நாட்டுல எம்ஓடியை (வீட்டுப் பத்திரத்தை அடமானமா ஒப்படைச்சதுக்கான ஆவணம்) ரெஜிஸ்டர் பண்ணியாகணும், பழசுக்கு ரசீது போட்டு புதுசா ஒரு எம்ஓடி, லீகல், வேல்யுவேஷன், ப்ராசஸிங் பீஸ்னு திரும்ப மொதல்ல இருந்து. போதாக்குறைக்கு புது பேங்க்லயும் அதே எலிஜிபிலிட்டி கால்குலேட்டர் தான் வெயிட் பண்ணும், அந்த பர்சனல் லோன் ஓடிட்டே இருந்தா திரும்பவும் 'வரல' தான்.

ஹவுசிங் பைனான்ஸ் யாருக்கு சரின்னா, அக்ரிமென்ட் டைம் முடியப்போகுது, ஓனர் நீட்டிச்சுத் தரமாட்டார், அட்வான்ஸ் போயிடும்ங்கிற நிலைமைல இருக்கறவங்களுக்கு. எங்க ஓனர் ரெண்டு மாசம் தள்ளிக் கொடுத்தார், எல்லாருக்கும் அப்படி அமையாது. கடை வச்சிருக்கவங்க, கையில காசா வருமானம் வர்றவங்களுக்கும் அவங்க தான் கொஞ்சம் வளைஞ்சு கொடுப்பாங்கன்னு கேள்வி, நான் மாசச் சம்பளக்காரன், அதுக்கு மேல அதைப்பத்தி சொல்ல எனக்கு அனுபவம் இல்ல. அப்படிப் போறதுன்னா சாங்ஷன் லெட்டர்ல ப்ளோட்டிங்னு இருக்கா, முதல் ரெண்டு மூணு வருஷம் பிக்ஸடா, கன்வர்ஷன் பீஸ் எத்தனை பர்சன்ட்னு பார்த்துட்டு கையெழுத்துப் போடுங்க. லோனோட சேர்த்து இன்சூரன்ஸ் ஒண்ணைச் செருகிருப்பாங்க, அதையும் பாருங்க.