தேனீப் பெட்டி: பூசணிக்குச் சரி, பேஷன் புரூட்டுக்குச் சரிவராது

பண்டாரவளைப் பக்கத்துத் தச்சுப் பட்டறை ஒன்றில் வாங்கிய தேனீப் பெட்டியைப் பற்றி எழுதுகிறேன். பட்டறையின் பெயர் வேண்டாம். பெட்டியில் பெரிய குறை இல்லை, விற்கும்போது சொன்ன கதையில்தான் குறை. "தோட்டத்துல ஒரு மூலைல வச்சிருங்க தம்பி, ஒரு பூ வீணாப் போகாது. எல்லாக் காயும் ரெண்டு மடங்கு" என்றார் அந்த அண்ணன். எங்கள் வீடு பசறையில். பின்னால் கால் ஏக்கர். பேஷன் புரூட் பந்தல், பூசணி, சவ்சவ், கொஞ்சம் தக்காளி, கத்தரி, வேலியோரம் வாழை. ரெண்டு மடங்கு என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

முதலில் பெட்டி. சவுக்குப் பலகை, கூரைக்குத் தகரம், அடியில் குஞ்சறை, மேலே தேனறை. நம் ஊர்த் தேனீக்குச் சட்டங்களுக்கு நடுவே ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் வழி இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் குறுக்கே அடை கட்டிவிடும், பிறகு சட்டத்தைத் தூக்கினால் அடை பிய்ந்து தேன் ஒழுகும். பட்டறைக்காரர் இந்த அளவைச் சரியாகவே வைத்திருந்தார், அதற்கு முழு மார்க். கால்கள்தான் மோசம். எறும்பு ஏறாமலிருக்க நான்கு காலையும் தண்ணீர்த் தகரத்தில் நிறுத்த வேண்டும் என்று அவரே சொன்னார். ஆனால் காலுக்குப் போட்டிருந்தது பச்சைக் கட்டை. மார்கழி மழையில் ஊறி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. இரும்புக் கால் கேட்டு வாங்குங்கள், கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை.

தேனுக்குக் குறையில்லை. மேல் மலையில் யூகலிப்டஸ் பூத்த காலத்தில் தேனறை நிறைந்து, போத்தல் கணக்கில் எடுத்தோம். அம்மா ஒரு போத்தலைச் சாமி அறையில் வைத்துப் பூட்டிவிட்டார், அதைப் பற்றி நான் பேசுவதில்லை. பூசணியிலும் வித்தியாசம் தெரிந்தது. பூசணிப்பூ விடியும்போது விரிந்து மதியத்துக்குள் சுருண்டுவிடும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் ஆண் பூவிலிருந்து பெண் பூவுக்கு மகரந்தம் போயாக வேண்டும். பனி விலகும் முன்பே நம் தேனீ கிளம்பிவிடுகிறது. முன்பெல்லாம் பாதிப் பிஞ்சு மஞ்சளாகி உதிரும், இப்போது அப்படி இல்லை. சவ்சவ்வும் நன்றாகவே காய்த்தது. அதன் சின்னப் பச்சைப் பூவில் கொசுத்தேனீயும் நம் தேனீயும் ஒன்றாக மேய்வதைப் பார்த்தேன். வெயில் ஏறிய பிறகுதான் கொசுத்தேனீ வரும், அதற்குள் நம் தேனீ ஒரு சுற்று முடித்திருக்கும். சண்டை எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை.

தக்காளியையும் கத்தரியையும் சொல்லிக் காட்டி யாராவது பெட்டி விற்றால் நம்பாதீர்கள். அந்தப் பூக்களில் மகரந்தம் ஒரு குழாய்க்குள் அடைபட்டிருக்கிறது, நுனியில் சின்னத் துளைதான் வழி. பூவைக் கவ்விப் பிடித்து உடம்பை அதிரவைத்தால்தான் கொட்டும். வயிற்றில் நீலப் பட்டை போட்ட தேனீ ஒன்று வரும், 'ங்ங்ங்' என்று ஒரு சத்தம், அடுத்த பூ. காய்ந்த மரத்தைத் துளைத்துக் கூடு வைக்கும் கருவண்டும் அதைச் செய்யும். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை கிடையாது. அது கத்தரிப் பக்கம் எட்டிப் பார்ப்பதே அபூர்வம்.

இனிப் பேஷன் புரூட். பெட்டி வாங்கியதே இதற்காகத்தான். எங்களுடையது மஞ்சள் ரகம், நண்பகலில்தான் பூக்கும். ஒரு கொடியின் பூவுக்கு அதே கொடியின் மகரந்தம் ஒத்துக்கொள்ளாது, வேறு கொடியிலிருந்து வர வேண்டும். பூவின் அமைப்பைப் பார்த்தால் விஷயம் விளங்கும். கீழே ஊதா இழைகள் வட்டமாக, நடுவில் ஒரு தண்டு, தண்டில் ஐந்து மகரந்தப் பைகள் தலைகீழாகத் தொங்கும், அதற்கும் மேலே, மகரந்தம் வந்து ஒட்ட வேண்டிய மூன்று சூல்முடிகள். விரிந்தவுடன் சூல்முடிகள் நிமிர்ந்து நிற்கும், பிறகு மெல்ல வளைந்து மகரந்தப் பைகளின் மட்டத்துக்கு இறங்கும். கருவண்டு உடம்பு பெருத்தது. இழைமேல் உட்கார்ந்து தேன் குடிக்கச் சுற்றி வரும்போது முதுகு மகரந்தப் பையிலும் உரசும், சூல்முடியிலும் உரசும். கருப்பு முதுகில் மஞ்சள் பூசிக்கொண்டு அடுத்த கொடிக்குப் போகும்.

நம் தேனீ சின்னது. அதன் முதுகுக்கும் சூல்முடிக்கும் இடையில் ஒரு விரல் நுழையும். பூ விரியக் காத்திருந்தது போல நாலைந்து தேனீ ஒரே பூவில் இறங்கி, மகரந்தப் பையில் தொங்கிச் சுரண்டிக் காலில் உருட்டிக்கொண்டு போய்விடும். சூல்முடியைத் தொடுவதே இல்லை. கருவண்டு வந்து சேரும்போது பை வெறுமையாக இருக்கும், தேனும் மிச்சமில்லாவிட்டால் அந்தப் பந்தலை விட்டுவிட்டு வேறு பக்கம் பறந்துவிடும். பெட்டி வந்த முதல் போகத்தில் பேஷன் புரூட் கூடவில்லை, குறைந்தது. அண்ணனுக்குப் போன் செய்தேன். "அது வெயில் கோளாறு தம்பி" என்றார். சரி.

மேலே யூகலிப்டஸ் பூத்த வாரங்களில் மட்டும் பந்தலில் பெட்டித் தேனீயே இல்லை, எல்லாம் அங்கே போய்விட்டது. அப்போது கருவண்டுக்குத் தடையில்லை, அந்த வாரங்களில் பூத்ததெல்லாம் பிஞ்சு பிடித்தது. நம் தேனீ எங்கே கூடுதலாகக் கிடைக்கிறதோ அங்கே போகும். பூ நிறைய இருக்கும்போது போட்டியே கிடையாது. காப்பி பூக்கும் நாட்களைப் பாருங்கள், மழை பெய்து சில நாளில் மலை முழுக்க வெள்ளை. நம் தேனீயும், தோட்டத்தில் எல்லோரும் குளவி என்று பயப்படும் பெருந்தேனீயும் பக்கத்துப் பக்கத்துக் கிளையில் வேலை செய்யும். வாழையிலும் சிக்கல் இல்லை. ராத்திரி வௌவால், காலையில் தேன்சிட்டு, பகலெல்லாம் தேனீ. காய் பிடிக்க வாழைக்கு இவர்கள் யாரும் தேவையில்லை, எல்லோருக்கும் இலவசச் சாப்பாடு. பூ குறையும் மாதங்களில்தான் இழுபறி, என் பந்தல் பெரும்பாலும் பூப்பதும் அந்த மாதங்களில்தான்.

பெட்டியைத் தள்ளி வைக்கலாமே என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். ஒரு கிலோமீட்டர் தாண்டியும் மேயப் போகும் ஜீவனுக்குத் தோட்டத்தின் இந்த மூலை என்ன, அந்த மூலை என்ன? இப்போது மத்தியானத்தில் நானே ஒரு கொடியின் மகரந்தத்தை விரலில் தொட்டு அடுத்த கொடியின் சூல்முடியில் தடவுகிறேன், வளைந்து இறங்கிய சூல்முடியாகப் பார்த்து. பந்தல் தூணில் காய்ந்த முள்முருங்கைக் கட்டைகளையும் கட்டிவிட்டேன். ஒன்றில் கருவண்டு துளை போட்டிருக்கிறது, அடியில் மரத்தூள் கொட்டிக் கிடக்கிறது. அதற்குச் செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

வாங்க நினைப்பவர்கள் முதலில் பண்டாரவளைப் பக்கத்துப் பிந்துனுவெவையில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவில் விசாரித்துவிட்டுப் பட்டறைக்குப் போங்கள். அளவு தெரிந்த ஆளிடம் கதை அளக்க மாட்டார்கள். தேனும் பூசணியும் சவ்சவ்வும் என்றால் இந்தப் பெட்டி நல்ல பெட்டி, காசுக்குத் தகும். மஞ்சள் பேஷன் புரூட்டை நம்பிப் பிழைப்பவர் வாங்க வேண்டாம். இரண்டாவது பெட்டிக்குக் கழிவு தருவதாக அந்த அண்ணன் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். எங்கள் கால் ஏக்கரில் இருக்கும் பூவுக்கு ஒன்றே அதிகம், அந்தக் காசுக்குப் பந்தல் கம்பி மாற்றப் போகிறேன்.