செருப்புக் காலுக்கு எந்தப் பெடல்? மட்டக்களப்புக் கடைகளில் கிடைக்கும் மூன்று வகை

மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கமும் சப்பாத்துப் போட்டு சைக்கிள் ஓடுபவர்கள் குறைவு. இறப்பர்ச் செருப்புத்தான் வழக்கம். வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் வயலுக்குப் போகிறவர்களில் வெறுங்காலோடு மிதிப்பவர்களும் உண்டு. ஆனால் பெடல் வாங்கப் போனால் எவ்வளவு விலைக்குள் வேண்டும் என்றுதான் பேச்சுத் தொடங்கும். காலில் என்ன போடுகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. கணைக்காலில், அதாவது முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில், விழும் கீறலுக்கும் வீக்கத்துக்கும் பாதிக் காரணம் அங்கேயே வந்துவிடுகிறது. அதனால் இங்குள்ள கடைகளில் பொதுவாகக் கிடைக்கும் மூன்று வகைகளையும் இரண்டே கேள்விகளை வைத்துப் பார்க்கிறோம். ஈரச் செருப்பு வழுக்குமா? வழுக்கினால் கால் என்ன ஆகும்?

முடிவை முதலே சொல்லிவிடலாம். அன்றாடம் செருப்போடு ஓடுபவருக்கு, இருபுறமும் இறப்பர்க் கட்டை வைத்த பழைய மாதிரிப் பெடல்தான் நல்லது.

இறப்பர்ப் பெடலின் பலம் அதன் மென்மையான விளிம்பு. கட்டை பாதத்தின் கீழே கொஞ்சம் அமுங்கிக் கொடுப்பதால் செருப்பு அதைப் பற்றிக்கொள்ளும், வெறுங்காலுக்கும் நோகாது. கால் தவறி பெடல் கணைக்காலில் அடித்தாலும் கன்றிப்போகுமே தவிர, தோல் கிழிவது அரிது. ஆனால் இந்த நல்ல குணமெல்லாம் கட்டையில் வரி இருக்கும் வரைக்கும்தான். நடுப்பகுதி தேய்ந்து வழவழப்பானால் மழையில் மூன்று வகையிலும் மோசமாக வழுக்குவது இதுதான். விரல் நகத்தை வரியில் வைத்துப் பாருங்கள். நகம் இறங்கவில்லையென்றால் மாற்றும் காலம் வந்துவிட்டது. இன்னொரு பழுது, கட்டையைத் தாங்கும் கம்பியின் முனை நட்டு கழன்றுபோவது. அது போனால் கட்டை கம்பியில் உருளத் தொடங்கும், கால் வைக்கும் நேரத்தில் கட்டையும் சேர்ந்து சுற்றும். வெளியே நீட்டும் கம்பி முனை காலில் நீளமாகக் கோடு இழுக்கும். மாதம் ஒருதடவை அந்த நட்டுகளை இறுக்குவது ஐந்து நிமிட வேலை.

பிளாஸ்ரிக் பெடல் மூன்றிலும் மலிவு, பாரமும் இல்லை, புதிய சைக்கிள்களோடு வருவதும் பெரும்பாலும் இதுதான். காய்ந்த காலத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மார்கழி மழையில் கிரவல் வீதியின் சேறு அதன் வரிகளில் அடைந்தால் பிடி போய்விடும். அதைவிடக் கவனிக்க வேண்டியது வெயில். வருடக்கணக்கில் முற்றத்து வெயிலில் நிற்கும் சைக்கிளில் பிளாஸ்ரிக் வெளிறி, நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். ஒருநாள் மூலை உடையும். உடைந்த விளிம்பு கூராக இருக்கும், கெண்டைக்காலில் பட்டால் ஆழமாக வெட்டும். மூலை உடைந்த பெடலை “இன்னும் சுத்துதுதானே” என்று வைத்திருக்க வேண்டாம்.

மூன்றாவது, பல் வைத்த உலோகப் பெடல். இளைஞர்கள் விரும்பி வாங்குவது இது. இந்த மூன்றில் சப்பாத்துக்கு இதைவிடப் பிடியானது இல்லை, அதை மறுக்க முடியாது. ஆனால் வெறுங்காலில் உறுத்தும், செருப்பின் அடியை மாதக்கணக்கில் அரித்துவிடும். கணைக்காலில் அடித்தால் தேங்காய்த் துருவலையில் இழுத்ததுபோல் வரிசையாகத் தோலை எடுத்துவிடும். அந்த இடத்தில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே தசை இல்லாததால் காயம் ஆற நாள் எடுக்கும், வீக்கம் கட்டியாக வாரக்கணக்கில் நிற்கும். பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிளுக்கு இதைப் பூட்டவே வேண்டாம்.

ஓடும்போது மட்டும்தான் பெடல் அடிக்கும் என்றில்லை. சைக்கிளைப் பின்னால் உருட்டினால் பின்சில்லோடு பெடலும் பின்பக்கமாகச் சுற்றும். படலைக்குள் திருப்பும்போதோ, குருமண்வெளித் துறையில் ‘பாதை’ எனப்படும் வாவி கடக்கும் மிதவையில் ஏற்றி இடம் ஒதுக்கும்போதோ கணைக்காலில் ‘டக்’ என்று விழுவது அதனால்தான். இடப்பக்கம் நின்று உருட்டுபவர், பின்னால் இழுக்கும் முன் உடம்பைச் சீற்றுக்கு நேராகப் பின்தள்ளி நிற்க வேண்டும். கெந்தி ஏறுபவர்களுக்கு இடது பெடல்தான் முழுப் பாரத்தையும் தாங்குகிறது. தேய்மானத்தை முதலில் பார்க்க வேண்டியதும் அந்தப் பக்கம்தான்.

பெடலை வீட்டிலேயே மாற்றலாம். 15 மில்லிமீற்றர் ஸ்பனர் வேண்டும், வாய் மெல்லியதாக இருந்தால் நல்லது. பெரியவர்களின் சைக்கிளில் பெடல் மரை பெரும்பாலும் 9/16 அங்குலம். பெடல் பூட்டும் தண்டான கிறாங்க் ஒரே துண்டாக வளைந்திருக்கும் சைக்கிளுக்கு 1/2 அங்குலம். ஆகவே பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம். அச்சின் முனையில் ஆங்கில எழுத்து எல் என்றால் இடது, ஆர் என்றால் வலது. இறுக்கும்போது இரண்டு பக்கமும் ஸ்பனரின் பிடி மேலிருந்து சைக்கிளின் முன்பக்கமாகப் போக வேண்டும் என்று நினைவில் வைத்தால் குழம்பாது. மரையைத் துணியால் துடைத்து, கொஞ்சம் கிறீஸ் பூசி, முதல் மூன்று நான்கு சுற்றைக் கையாலேயே ஏற்றுங்கள். கையால் ஏறாததை ஸ்பனரால் ஏற்றினால் கிறாங்கின் மரை போய்விடும். பிறகு பாரம் கொடுத்து மிதிக்கிற நேரத்தில் பெடலே கழன்று வரும், காலில் பலமான காயம் விழுவதும் அப்போதுதான்.

கரையோரத்தில் உப்புக்காற்றும் மணலும் பெடலைத் தின்னும். வெளிமுனையில் இருக்கும் சிறிய மூடி விழுந்துவிட்டால் மணல் உள்ளே போய் பெயரிங் குண்டுகள் இறுகும். இறுகிய பெடல் காலோடு சேர்ந்து திரும்பாது, ஒவ்வொரு சுற்றிலும் பாதம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நழுவும். விரலால் தட்டினால் பெடல் தானாக இரண்டு சுற்றாவது சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் கழற்றித் துடைத்து கிறீஸ் போடுங்கள், அல்லது கடையில் கொடுங்கள். பழைய வகைச் சைக்கிளில் மிதிக்கும்போது சுற்றுக்கு ஒருதரம் ‘டக்’ என்றால், கிறாங்கை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் கொட்டர் பின்னைப் பார்க்க வேண்டும். அது தளர்ந்தால் கிறாங்க் திடீரென்று துள்ளி, கால் தவறும்.

முழங்கால் நோவுக்குப் பெடலைக் குறை சொல்வதற்கு முன் சீற்றின் உயரத்தைப் பாருங்கள், பெரும்பாலும் காரணம் அதுதான். சீற்றில் இருந்து குதிக்காலைக் கீழ்ப்பெடலில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அப்போது பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கையில் முழங்கால் சற்று மடிந்திருக்கும். சீற் பதிவாக இருந்தால் முழங்காலின் முன்பக்கம் நோகும், உயரமாக இருந்தால் பின்பக்கம்.

செயின் கவர் இல்லாத சைக்கிளில் வலது கெண்டைக்காலில் செயின் ஓடும் பல்சில்லின் அச்சு கறுப்பாக விழும், சாரன் சிக்கினால் ஆளே விழுவார். கவர் வாங்கினால் முழுக் கவராக வாங்குங்கள். அதைவிட அவசரமானது பின்சில்லு. பிள்ளையைக் கரியரில் ஏற்றுபவர்கள், பின்சில்லுக் கம்பிகளை மறைக்கும் வலையும் கால் வைக்கும் படியும் பூட்டாமல் தயவுசெய்து ஏற்ற வேண்டாம். கம்பிக்குள் குதிக்கால் போனால் வெளியே சிறு காயம்போலத் தெரியும். உள்ளே நசிந்த தோல் நாட்கள் கழித்துத்தான் கறுக்கும். அந்தக் காயத்தை வீட்டில் வைத்துப் பார்க்காமல் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

மற்றச் சிறு காயங்களுக்குத் தண்ணீர்தான் முதல் மருந்து. ஓடும் நல்ல தண்ணீரில் சில நிமிடம் கழுவி, சுற்றியுள்ள தோலுக்குச் சவர்க்காரம் போட்டு, மணலை ஒன்றும் மிஞ்சாமல் எடுக்க வேண்டும். தார் வீதியில் தேய்ந்த முழங்காலில் மணலும் கறுப்பும் உள்ளே தங்கினால், தோல் மூடிய பிறகும் பச்சை குத்தியதுபோல் நிற்கும். செயின் கிறீஸைக் காயத்தைச் சுற்றியுள்ள தோலில் தேங்காயெண்ணெய் தடவி இளக்கி, சவர்க்காரத்தால் கழுவலாம். மண்ணெண்ணெயும் பெற்றோலும் வேண்டாம், தோலைப் புண்ணாக்கும். திறந்த காயத்தில் ஸ்பிரிட் ஊற்றுவதும் கோப்பித்தூள் அப்புவதும் ஆறுவதைத் தள்ளிப்போடும். இரத்தம் வந்தால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அமத்திப் பிடியுங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் உறைந்தது பிரிந்துவிடும். பிறகு பாமசியில் கிடைக்கும் ஒட்டாத கோஸ் துணியால் மூடி, ஈரமானால் மாற்றுங்கள். கன்றிய இடத்துக்கு, துணியில் சுற்றிய ஐஸைப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தால் போதும், ஐஸைத் தோலில் நேரே வைக்கக் கூடாது.

மண்பட்ட காயமென்றால் டெட்டனஸ் எனப்படும் ஏற்பு வலி ஊசியைக் கடைசியாகப் போட்டு ஐந்து வருடத்துக்கு மேலானவர்கள் மீண்டும் போட வேண்டும். சுத்தமான சிறு காயத்துக்குப் பத்து வருடம் கணக்கு. எலும்பைத் தொட்டால் குத்தும் நோவு, நாலு அடி வைக்க முடியாமை, சிவப்பு பரவுதல், சீழ், காய்ச்சல் என்றால் வைத்தியசாலைதான். சீனி வருத்தம் உள்ளவர்கள் கால் விரலில் பெடல் சிராய்த்த சிறு கீறலையும் விடக் கூடாது. காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் நோவே தெரியாது. சைக்கிளால் இறங்கி வீட்டுக்குள் வந்ததும் இரண்டு பாதங்களின் அடியையும், விரல் இடுக்கையும் வெளிச்சத்தில் பார்த்துவிட வேண்டும்.