உண்டியல் ஒன்று, வரிசை மட்டும் நூறு: ஈஸ்ட்சைடின் ஆர்ச் வீட்டுச் சேவை

சியாட்டிலுக்குக் கிழக்கே, வாஷிங்டன் ஏரிக்கு இந்தப் பக்கம் ஈஸ்ட்சைட் என்று சொல்லும் ஊர்களில் இருக்கும் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வரும் கேள்வி இது: ஆர்ச் என்று ஒன்று இருக்கிறதாமே, குறைந்த வாடகைக்கு வீடு தருவார்களாமே, நம்பலாமா? நம்பலாம். கிடைக்குமா என்பது வேறு கதை. நான் ஐந்துக்கு மூன்றரை தருவேன்.

முதலில், இது தரகர் கம்பெனி இல்லை. பெல்வியூ, கிர்க்லாண்ட், ரெட்மண்ட் மூன்று ஊர்களும், அவை இருக்கும் கிங் கவுண்டியும் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) சேர்ந்து 1992-ல் ஆரம்பித்த கூட்டமைப்பு. முழுப்பெயர் எ ரீஜனல் கோயலிஷன் ஃபார் ஹவுசிங். இப்போது பாத்தல், இசாக்குவா, சமாமிஷ், மெர்சர் ஐலண்ட் என்று 15 ஊர்களும் கவுண்டியும் உறுப்பினர்கள். ஊருக்கு ஊர் தன் பங்கைப் பொது நிதியில் போடும், வீடு கட்டும் லாப நோக்கில்லாத அமைப்புகள் அதற்கு விண்ணப்பிக்கும், எதற்குக் கொடுக்கலாம் என்று சேர்ந்து முடிவெடுத்த பிறகு அந்தந்த ஊர் கவுன்சிலும் ஒப்புதல் தரவேண்டும். மைக்ரோசாஃப்ட் 2019-ல் வீட்டுக்காக 50 கோடி டாலர் அறிவித்ததைத்தான் எல்லோரும் பேசுகிறோம், இந்த ஊர்கள் அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே உண்டியல் வைத்துவிட்டன.

ஏன் சேர வேண்டும் என்பதற்கு வரைபடத்தைப் பார்த்தாலே போதும். ஹன்ட்ஸ் பாயிண்ட், யாரோ பாயிண்ட், போ ஆர்ட்ஸ் மாதிரி குட்டி ஊர்கள் தனியாக ஒதுக்கும் பணத்தில் ஒரு அடுக்ககத்தின் படிக்கட்டுகூட எழும்பாது, அதைக் கவனிக்க ஆளும் போட முடியாது. சேர்த்தால் ஒரு தொகை தேறுகிறது, அதைக் காட்டித்தான் மாநில நிதி, மத்திய அரசின் வரிச்சலுகை எல்லாம் வாங்குகிறார்கள். 2019-ல் வந்த மாநிலச் சட்டம் விற்பனை வரியில் ஒரு சிறு துளியை ஊர்களே 20 வருடம் வரை வைத்துக்கொண்டு வீட்டுக்குச் செலவழிக்கலாம் என்றது. அதுவும் ஊர் ஊராகப் பார்த்தால் சில்லறைதான். (கென்ட், ஆபர்ன், ஃபெடரல் வே பக்கம் இருப்பவர்களுக்கு: தெற்கு கிங் கவுண்டி ஊர்களும் அதே வருடம் இதே மாதிரி தனிக் கூட்டமைப்பு தொடங்கியிருக்கின்றன.) பில் கேட்ஸ் வீடு இருக்கும் மெடினாவும் ஆர்ச்சில் உறுப்பினர். பணத்தைக் கொடுத்துவிட்டு, கட்டுவதை வேறு ஊரில் கட்டுங்கள் என்று ஒதுங்கிக்கொள்ளப் பணக்கார ஊர்களுக்கு இது வசதி என்று சிலர் சொல்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை, ஆனால் அந்தப் பணமும் வராமல் போவதற்கு இது எவ்வளவோ மேல்.

கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் சவுத் கிர்க்லாண்ட் பார்க் அண்ட் ரைடுக்கு, அதாவது காரை நிறுத்திவிட்டு பஸ் ஏறும் இடத்துக்குப் போங்கள். கிர்க்லாண்டும் பெல்வியூவும் தொடும் இடம். வெறும் பார்க்கிங்காகக் கிடந்த பொது நிலத்தில் 58 வீடுகளோடு வெலாசிட்டி என்ற கட்டடம் 2014-ல் வந்தது, இமேஜின் ஹவுசிங் கட்டியது. இறங்கினால் பஸ். இங்கே கார் இல்லாமல் வேலைக்குப் போவது என்ன பாடு என்று தெரிந்தவர்களுக்கு அதன் அருமை புரியும்.

சரி, வீடு தேடுகிறவருக்கு இது எப்படி இருக்கிறது? என் சித்தி மகள் டேகேரில் டீச்சர், அவள் கணவர் ஓட்டலில் சமையல். அவர்களுக்காகத் தேடும்போதுதான் குறை தெரிந்தது. பணத்தை ஒன்றாகச் சேர்த்தவர்கள் வரிசையை ஒன்றாக்கவில்லை. ஆர்ச் தளத்தில் கட்டடங்களின் பட்டியல் இருக்கும், தெளிவாகவே இருக்கும், ஆனால் ஆர்ச் எந்த வீட்டையும் வாடகைக்கு விடுவதில்லை. ஒவ்வொரு லீசிங் ஆபிசையும் நாமேதான் கூப்பிட வேண்டும், ஒவ்வொரு இடத்திலும் தனி விண்ணப்பம், தனி வெயிட்டிங் லிஸ்ட், திரும்பத் திரும்ப அதே பே ஸ்டப், பேங்க் ஸ்டேட்மெண்ட், டேக்ஸ் ரிட்டர்ன். லாப நோக்கில்லாத அமைப்புகளின் கட்டடங்களில் பேச்சாவது ஒழுங்காக இருந்தது. சந்தை வாடகைக் கட்டடத்தில் ஊர் விதிப்படி சில வீடுகளை மட்டும் குறைத்து விடுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் தலைவலி. பட்டியலில் பெயர் இருந்த ஒரு கட்டடத்தில், முன்மேஜையில் இருந்தவர் அப்படி ஒன்றும் இங்கே கிடையாது என்று சாதித்தார். மேனேஜருக்கு மெயில் போட்ட பிறகு "ஆமாம், இருக்கிறது, இப்போது காலி இல்லை" என்று பதில் வந்தது. மூன்றரையோடு நிறுத்தியதற்கு இதுதான் காரணம்.

இன்னொரு விஷயத்தைப் பலர் தப்பாக நினைக்கிறார்கள். வாடகை நம் சம்பளத்தில் முப்பது சதவீதம் என்று கணக்குப் போடுவதில்லை. அந்த வீடு எந்த வருமானப் படிக்கு (வட்டார வருமானத்தில் இத்தனை சதவீதம் என்று வைத்திருக்கும் வரம்பு) ஒதுக்கப்பட்டதோ, அந்தப் படியில் முப்பது சதவீதம், கரண்ட், தண்ணீர்ச் செலவும் அதில் சேரும். எண்பது சதவீதப் படி வீட்டுக்கு ஐம்பத்தைந்து சதவீத வருமானம் உள்ளவர் போனால் கழுத்தைப் பிடிக்கும். அந்தப் படிகளும் வட்டாரத்தின் இடைநிலை (மீடியன்) வருமானத்தை வைத்துத்தான். ஐடி சம்பளம் ஏற ஏற உச்சவரம்பும் ஏறும், கூடவே வாடகையும் ஏறும், டேகேர் டீச்சர் சம்பளம் மட்டும் நின்ற இடத்தில் நிற்கும். இது ஆர்ச் போட்ட கணக்கு இல்லை, மத்திய அரசின் அளவுகோல், ஆனால் அடி விழுவது இங்கேதான்.

வாங்குவதற்கும் வீடுகள் உண்டு. நாமே குடியிருக்க வேண்டும், வாடகைக்கு விட முடியாது, விற்கும்போது விலைக்குக் கட்டுப்பாடு உண்டு. முதலீடாக நினைப்பவர்கள் இந்தப் பக்கமே வரவேண்டாம். வீட்டு உரிமையாளர் சங்கத்துக்கு (ஹெச்ஓஏ) கட்டும் கட்டணத்துக்கு அப்படிக் கட்டுப்பாடு இல்லை, அதைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கணவன் மனைவி இருவரும் ஐடி என்றால் நேரத்தை வீணாக்க வேண்டாம், வருமான வரம்பிலேயே நின்றுவிடும். மற்றவர்கள், 2024-ல் ஓடத் தொடங்கிய 2 லைன் ரயில் ஸ்டேஷன்களை ஒட்டிய கட்டடங்களிலிருந்து தேட ஆரம்பிக்கலாம். போனில் விசாரிக்காமல் மெயிலில் கேளுங்கள். எந்த வருமானப் படி, மொத்தம் எத்தனை வீடு, வெயிட்டிங் லிஸ்ட் திறந்திருக்கிறதா, இந்தக் குறைந்த வாடகை எந்த வருடம் வரை என்று நாலையும் கேட்டுவிடுங்கள். சொத்து வரிச்சலுகைக்காகச் சேர்ந்த சில கட்டடங்களில் 12 வருடம் முடிந்தால் வாடகை சந்தை விலைக்குப் போய்விடலாம்.