சேஃப்டி ஷூவுக்குள் சேற்றுப்புண்: ஓராண்டுப் பயன்பாட்டில் க்ரீம், பவுடர், சாக்ஸ்

பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். காலில் ஸ்டீல் டோ (விரல்களைக் காக்கும் இரும்பு மூடி) வைத்த சேஃப்டி ஷூ, வேலை முடியும்வரை கழற்ற வழியில்லை. ஒரகடம், ஓசூர் ஃபேக்டரிகளிலும் ஹோட்டல் கிச்சன்களிலும் நாள் முழுக்க நிற்பவர்களுக்குச் சேற்றுப்புண், அதாவது கால்விரல் இடுக்கில் வரும் பூஞ்சைத் தொற்று, ஆறுவது போல ஆறி, மறுபடி வந்து நிற்கிறது. க்ரீம் சரியில்லை என்று ட்யூபை மாற்றிக்கொண்டே போகிறார்கள். ஓராண்டு இந்த வேலையோடு சேர்த்துப் பயன்படுத்தினால் புரியும்: பெரும்பாலும் க்ரீம் சரிதான். பாதியில் நிறுத்தியதும் ஷூ காயாததும்தான் வில்லங்கம்.

பூஞ்சைக்கான டெர்பினஃபின் 1 சதவீத க்ரீமைக் காலை, இரவு பூசினால் நாலைந்து நாளில் அரிப்பு அடங்கிவிடும். பூஞ்சை அப்போதும் தோலின் மேலடுக்கில் உயிரோடு இருக்கும். இரண்டு வாரத்துக்குக் குறையக் கூடாது. பார்வைக்கு ஆறிய பிறகும் ஒரு வாரம் சேர்த்துப் பூசுவது நல்லது. லுலிகொனசோல் 1 சதவீதம் தினம் ஒரு வேளை, இரண்டு வாரம். விலை கூடுதல்தான், ஆனால் டே, நைட் என்று மாறி மாறிப் போகிறவர்களுக்கு இதுதான் தோது. க்ளோட்ரிமசோல் மலிவு, நாலு வாரம், தினம் இரண்டு மூன்று வேளை பூச வேண்டும். ஷிஃப்ட் வேலையில் ஒழுங்காக நடக்கிற காரியமில்லை.

அளவைச் சொல்லியே ஆக வேண்டும். ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் அரை கிராம். ஒரு காலின் நாலு விரல் இடுக்குக்கும் சுற்றி 2 சென்டிமீட்டருக்கும் அது போதும். இரண்டு காலுக்கும் ஒரு வேளைக்கு 1 கிராம். அப்படியானால் 10 கிராம் ட்யூப், தினம் இரு வேளை பூசினால் ஐந்தே நாள்தான் வரும். அரிப்பு நிற்பதும் ட்யூப் தீர்வதும் ஒரே நேரத்தில் நடப்பதால்தான் இத்தனை பேர் பாதியில் விடுகிறார்கள். முழு நாட்களுக்கும் கணக்குப் போட்டு முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

சாக்ஸைக் கழற்றியதும் சுண்டுவிரலை விலக்கிப் பாருங்கள். தோல் ஊறிய காகிதம் மாதிரி வெளுத்து, ஓரம் தூக்கி, நடுவில் சிவப்பாக ஒரு வெடிப்பு இருக்கும். அந்த ஈரத்தின் மேல் க்ரீம் பூசினால் வழுக்குமே தவிர ஒட்டாது. கழுவி, டிஷ்யூ பேப்பரை இடுக்கில் நுழைத்து ஒற்றியெடுத்து, ஃபேனுக்கு நேராகப் பத்து நிமிடம் காலை நீட்டி வைத்துவிட்டுப் பூசுங்கள். வெளுத்த தோலை உரிக்கக் கூடாது. அந்த வெடிப்பு வழியாகத்தான் பாக்டீரியா உள்ளே போகிறது.

நீர் கசிந்தால் க்ரீமுக்கு முன் பொட்டாசியம் பர்மாங்கனேட். 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை 4 லிட்டர் தண்ணீரில் முழுக்கக் கரைத்து, 10 முதல் 15 நிமிடம் காலை வையுங்கள். கரையாத துணுக்கு பட்டால் தோல் வெந்துவிடும். நகத்தில் முன்பே வாஸ்லின் தடவினால் பழுப்புக் கறை ஏறாது. கசிவு நின்றதும் இதையும் நிறுத்திவிட வேண்டும்.

பவுடரைப் புண்ணில் போடாதீர்கள். வியர்வையில் மாவாகத் திரண்டு இடுக்கை அறுக்கும். ஷூவுக்குள்ளும் சாக்ஸுக்குள்ளும் தூவினால் பலன் உண்டு.

ஷூ விஷயத்தில் சமரசமே வேண்டாம். ஒரு நாள் போட்ட ஜோடி காய 24 மணி நேரம் வேண்டும், ஸ்டீல் டோ பக்கம் காற்றே போகாது. இரண்டு ஜோடி வைத்து மாற்றிப் போடுவதுதான் சரி. கம்பெனி ஒன்றுதான் தருகிறது என்றால் உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கும் இன்சோலாவது இரண்டு செட் வாங்குங்கள். வியர்வையைக் குடித்து வைப்பது அதுதான். இரவில் இன்சோலை உருவி, லேஸை முழுக்கத் தளர்த்தி, ஷூவின் நாக்கை வெளியே இழுத்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, நனைந்ததும் மாற்றுங்கள். சாக்ஸ் ஒரு ஷிஃப்டுக்கு இரண்டு ஜோடி. சாப்பாட்டு இடைவேளையில் மூன்று நிமிடம் போதும். தனிப் பருத்தி ஈரத்தைப் பிடித்தே வைக்கும், அதைவிட விளையாட்டுக்கான கலவை நூல் சாக்ஸ் நல்லது. துவைக்க 60 டிகிரி வெந்நீர். காலையில் உள்ளாடைக்கு முன் சாக்ஸைப் போடுங்கள். காலில் உள்ள பூஞ்சை உள்ளாடையில் ஒட்டி மேலே போகும், தொடையிடுக்கில் படர்தாமரை வருவது பல சமயம் இந்த வழியில்தான்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ட்யூபில் க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஸ்டீராய்டு இரண்டே நாளில் சிவப்பையும் அரிப்பையும் அமுக்கும், பூஞ்சை அடியில் பரவும். பிறகு டாக்டர் பார்த்தாலும் அடையாளம் தெரியாத அளவுக்கு உருமாறிவிடும். வருடக்கணக்கில் இழுத்தடிக்கும் கால்களில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

நாலு வாரம் ஒழுங்காகப் பூசியும் போகவில்லையென்றால் தோல் டாக்டரிடம் போங்கள். தோலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பே க்ரீமை நிறுத்தினால்தான் பூஞ்சை தெரியும். நகம் மஞ்சளாகத் தடித்திருந்தால் அதையும் காட்டுங்கள், பூஞ்சை அங்கிருந்தே திரும்பி வரும். பூஞ்சைக்கு விழுங்கும் மாத்திரைகளை நீங்களாக வாங்க வேண்டாம்: டெர்பினஃபின் கல்லீரலைப் பாதிக்கலாம், இட்ராகொனசோல் இதயம் பலவீனமானவர்களுக்கு ஆகாது, சில கொலஸ்ட்ரால் மாத்திரைகளோடும் சேரக் கூடாது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் நாலு வாரம் பார்ப்பது வேண்டாம், முதல் வெடிப்பிலேயே காட்டிவிடுங்கள். இடுக்கு பச்சையாகி நாற்றமடித்தாலோ, பாதம் வீங்கிச் சிவப்பு மேலேறினாலோ, காய்ச்சல் வந்தாலோ யாராக இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ஷிஃப்ட் பாதியில் இருந்தாலும் சரி.