ஸ்ட்ரைப் ரேடார்: அரங்கேற்ற நகை விற்கும் எனக்கு எவ்வளவு உதவியது?

கனடாவின் ஸ்காபரோவில் வீட்டு பேஸ்மென்டில் இருந்து பரதநாட்டிய நகைகளை இணையத்தில் விற்கிறேன். தலைச்சாமான், நெற்றிச்சுட்டி, ராக்கொடி, ஒட்டியாணம், சலங்கை எல்லாம் உண்டு. நல்ல கெம்புக்கல் செட்டுகள் நாகர்கோவில் வடசேரியில் கையால் செய்யப்பட்டு வருபவை. ஒரு செட் முடிய வாரக்கணக்கில் ஆகும். அதனால் ஒன்று களவு போனால் காசு மட்டும் போவதில்லை, அந்தக் கோடையில் அரங்கேற்றம் வைத்திருக்கும் ஒரு பிள்ளைக்குக் கொடுக்க என்னிடம் செட் இருக்காது.

அப்படித்தான் ஒருமுறை நடந்தது. ஒரே ஓடரில் இரண்டு முழுச் செட், 1,140 டாலர், விரைவுத் தபால், அமெரிக்காவின் டெலவேரில் ஒரு முகவரி. பெரிய ஓடர் என்று சந்தோஷப்பட்டு அன்றைக்கே அனுப்பினேன். ஏழு வாரம் கழித்து சார்ஜ்பேக் வந்தது, அதாவது கார்டுக்காரரின் முறைப்பாட்டால் வங்கி என்னிடமிருந்து காசைத் திரும்ப எடுத்தது. கார்டின் உண்மையான சொந்தக்காரர் யாரோ ஒருவர், தான் எதுவும் வாங்கவில்லை என்று வங்கிக்குச் சொல்லியிருந்தார். கையெழுத்து வாங்கிப் பார்சலைக் கொடுத்த அத்தாட்சி என்னிடம் இருந்தது. அதை அனுப்பினேன், தோற்றேன். பார்சல் போய்ச் சேர்ந்ததா என்பதல்ல அங்கே கேள்வி, கார்டுக்காரர்தான் வாங்கினாரா என்பது. இது எனக்கு அப்போது தெரியாது. டெலவேரில் விற்பனை வரி இல்லாததால் பார்சலை வாங்கி வெளிநாட்டுக்கு மாற்றி அனுப்பும் கிடங்குகள் அங்கே நிறைய என்பதும் பிறகுதான் தெரிந்தது. கார்டில் காசு வாங்க அந்த நாட்களில் நான் பயன்படுத்திய சேவை எனக்கு அனுப்பிய விளக்கம் மொத்தமே '10.4' என்ற ஒரு எண். விசா கார்டில் 'கார்டு நேரில் இல்லாத மோசடி' என்பதற்கான குறியீடு அது. அதைத் தேடிப் படித்துப் புரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு நாள் போனது.

அதற்குப் பிறகுதான் அதே வேலையைச் செய்யும் ஸ்ட்ரைப் என்ற சேவைக்கு மாறினேன். ரேடார் என்பது அதற்குள்ளேயே வரும் மோசடித் தடுப்பு. ஒவ்வொரு ஓடருக்கும் 0 முதல் 99 வரை ஆபத்து மதிப்பெண் போடும். நாம் ஒன்றையும் மாற்றாவிட்டால் 75ஐத் தொட்டதையும் தாண்டியதையும் தானே தடுத்துவிடும். சும்மா கிடைக்கும் பதிப்பில் ஆபத்து எந்த மட்டம் என்று மட்டும் தெரியும். மதிப்பெண்ணைப் பார்க்கவும் சொந்தமாக விதி எழுதவும் கூடுதல் காசு கட்ட வேண்டும். நான் கட்டுகிறேன். ஒரு ஓடர் ஐம்பது டாலருக்குள் முடிகிற கடைக்கு அது தேவையில்லை என்று நினைக்கிறேன். கார்டின் பின்பக்க எண்ணோ அஞ்சல் குறியீடோ பொருந்தாவிட்டால் தடு என்ற இரண்டு விதிகளையும் போட்டாலே அவர்களுக்குப் பாதி நிம்மதி.

எனக்கு உண்மையில் உதவியவை வேறு இரண்டு விதிகள். 500 டாலருக்கு மேல் போனால் த்ரீ-டி செக்யூர் கேள், அதாவது வாங்குபவரின் வங்கி அவரிடமே நேராக உறுதி கேட்கும். உறுதியாகிவிட்டால் 'நான் வாங்கவில்லை' என்ற வகைச் சார்ஜ்பேக்கின் நட்டம் பெரும்பாலும் வங்கியின் பக்கம் போய்விடும். 'பார்சல் வரவில்லை' என்ற முறைப்பாட்டுக்கு இது உதவாது, அதற்கு கனடா போஸ்டின் கையெழுத்துதான். இரண்டாவது விதி, சந்தேகமான ஓடரை எனக்குக் காட்டு என்பது. ஒன்றைக் கவனியுங்கள்: காட்டும்போதே காசு எடுத்து முடிந்திருக்கும். பார்சலை நிறுத்துவதும் காசைத் திருப்புவதும் எங்கள் வேலை.

விதி எழுதும்போது அவசரப்பட வேண்டாம். கார்டின் நாடும் பார்சல் போகும் நாடும் வேறென்றால் தடு என்று எழுதப் போனேன். சேமிப்பதற்கு முன் பழைய ஓடர்களில் அதை ஓட்டிப் பார்க்கும் வசதி இருக்கிறது. ஓட்டிப் பார்த்தால் லண்டனில் இருந்து இங்கே மார்க்கம் நகரில் உள்ள பேத்திக்கு வாங்கிக் கொடுத்த அம்மம்மாமார் எல்லாரும் தடுக்கப்பட்டிருப்பார்கள்! எங்கள் சனம் ஐந்து நாட்டில் பிரிந்து கிடக்கிறது, எங்களுக்கு அந்த விதி சரிவராது.

ரேடார் பிடிக்க முடியாதது ஒன்று உண்டு. மிசிசாகாவில் ஒரு ஐயா 380 டாலர் சலங்கை-ஒட்டியாண ஓடருக்கு சார்ஜ்பேக் போட்டார். எடுத்துப் பேசினேன். "தங்கச்சி, நான் உங்களிட்ட ஒண்டும் வாங்கேல்லையே" என்றார். மகளிடம் கேட்கச் சொன்னேன். பத்து நிமிடத்தில் திரும்ப அழைத்து மிகவும் வருத்தப்பட்டார். வாங்கியது மகள், கார்டு அவருடையது. அவருக்கு மாதாமாதம் வரும் கார்டுக் கணக்கு அறிக்கையில் என் கடைப் பெயர் இல்லாமல், என் நிறுவனத்தின் பதிவுப் பெயரான வெறும் எண்ணும் 'ஒன்ராறியோ இன்க்' என்றும் வந்திருந்தது. வங்கியிடம் சொல்லி முறைப்பாட்டை மீளப் பெற்றார். அப்படிப் பெற்றாலும் அவரது வங்கிக் கடிதத்தையும் மற்ற ஆதாரங்களையும் நாம் அனுப்பியே ஆக வேண்டும், சும்மா இருந்தால் தோற்றதாகிவிடும். ஆதாரம் ஒரே ஒரு தடவைதான் அனுப்பலாம், அதனால் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு அனுப்புங்கள். சார்ஜ்பேக் வந்த பிறகு பயந்துபோய்த் தனியாகவும் காசைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், இரண்டு முறை போய்விடும். அன்றைக்கே கணக்கில் வரும் பெயரைக் கடைப் பெயருக்கு மாற்றினேன். அது ஸ்ட்ரைப்பின் அமைப்பில் ஒரு நிமிட வேலை, காசும் இல்லை.

சார்ஜ்பேக் ஒவ்வொன்றுக்கும் கனடாவில் 15 டாலர் கட்டணம் எடுக்கிறார்கள். கடைசி முடிவு கார்டு கொடுத்த வங்கியுடையது, ஸ்ட்ரைப்புடையது அல்ல. தீர்ப்பு வர இரண்டு மூன்று மாதம் ஆகலாம், அதுவரை காசு நம் கையில் இல்லை. அப்படியிருந்தும் மாறிய பிறகு களவுக் கார்டு ஓடருக்கு என்னிடமிருந்து ஒரு நகையும் போகவில்லை. ஐந்துக்கு நான்கரை கொடுப்பேன்.

நேற்று ஹூஸ்டனில் இருந்து வந்த 900 டாலர் ஓடர் ஒன்றை 68 மதிப்பெண்ணுடன் காட்டியது. கொடுத்திருந்த எண்ணுக்கு அழைத்தேன். ஓடர் போட்ட அம்மாவே எடுத்தார். மகளுக்கு ஓகஸ்டில் அரங்கேற்றம், ஊருக்குப் புதிதாக வீடு மாறி வந்ததால் கார்டில் பழைய முகவரி என்றார். நெற்றிச்சுட்டியின் கொக்கி எப்படி மாட்டுவது என்றும் கேட்டார், விளக்கினேன். இன்று காலை பார்சல் போய்விட்டது.