பிராவுரா ஃபான்ட்: 31-க்கும் 22-க்கும் குறி தேடுபவர்களுக்கு

ஆக்டேவை (ஒரு ஸ்தாயியை) வழக்கம்போல 12-ஆகப் பிரிக்காமல் 31 அல்லது 22 சமபங்குகளாகப் பிரித்து, செல்லோவுக்கும் வயோலாவுக்கும் எழுதுகிறேன். சுரத்தை ஏற்றும் ஷார்ப், இறக்கும் ஃப்ளாட் இரண்டும் போதாது, கூடுதல் குறிகள் வேண்டும். அதற்கு நான் பயன்படுத்துவது பிராவுரா. டோரிகோ என்ற இசைக்குறிப்பு மென்பொருளுக்காக ஸ்டைன்பெர்க் நிறுவனம் செய்த ஃபான்ட், 2013-இல் வந்தது, இலவசம். கூடவே, எந்த இசைக் குறிக்கு எந்த எண் என்று வகுக்கும் ஸ்மஃப்ல் என்ற பொது ஒழுங்கையும் கொண்டுவந்தார்கள். அதன்படி செய்த வேறு ஃபான்டுக்கு மாறினாலும் குறியின் எண் மாறாது.

உள்ளே குறிகள் குவிந்து கிடக்கின்றன. கால் டோனுக்கான ஸ்டைன்-சிம்மர்மன், அம்புகள், ஹெல்ம்ஹோல்ட்ஸ்-எல்லிஸ், சாஜிட்டல், துருக்கியக் குறிகள் என்று பல குறிமுறைகள், எல்லாம் ஒரே தடிமனில் வரையப்பட்டவை. ஒரே பக்கத்தில் இரண்டு வகையைக் கலந்தாலும் ஒட்டுப்போட்ட மாதிரி தெரியாது. ஆனால் எதை எடுப்பது என்பதை ஃபான்ட் சொல்லித் தராது. நான் பார்க்கும் கணக்கு ஒன்றுதான்: அந்த ட்யூனிங்கில் ஒரு ஷார்ப் எத்தனை படி (சமபங்கு)? ஏழு ஃபிஃப்த் (ச-ப இடைவெளி) ஏறி நான்கு ஆக்டேவ் இறங்கினால் விடை கிடைத்துவிடும். ஆக்டேவை 19-ஆகப் பிரித்தால் ஒரு படி, 31-இல் இரண்டு, 22-இல் மூன்று, 53-இல் ஐந்து.

19-க்குப் புதுக் குறியே வேண்டாம். சி ஷார்ப்பும் டி ஃப்ளாட்டும் வேறு வேறு என்று வாசிப்பவருக்குச் சொன்னால் போதும். 31-க்கு ஸ்டைன்-சிம்மர்மன் அளவெடுத்துத் தைத்த சட்டை. ஒற்றைக் கால் ஷார்ப் (செங்குத்துக் கோடு ஒன்றுதான்), திருப்பிப் போட்ட ஃப்ளாட், இரண்டுக்கும் பாதி அளவு, அதாவது ஒரு படி. வேறு எதையும் தேட வேண்டாம்.

22-இல் அது உதவாது, மூன்று படியைப் பாதியாக்க முடியாதே. அங்கே அம்புதான். சி-யிலிருந்து ஃபிஃப்த் வழியாக வரும் இ 8-ஆவது படியில், 436 சென்டில் (ஆக்டேவ் 1200 சென்ட்) நிற்கிறது. காதுக்கு இனிக்கும் மேஜர் தேர்ட் (சி-இ இடைவெளி) 7-ஆவது படியில், 382 சென்ட். ஆகவே கீழ் அம்பு போட்ட இ. இதே அம்பு 53-இலும் ஒரு படிக்கே சரியாக வருகிறது, அங்கும் அது தேர்டைத் திருத்தும் அதே வேலையைத்தான் செய்கிறது. (22 என்றதும் நம் ஸ்ருதிக் கணக்கா என்று கேட்கிறார்கள். இல்லை, அந்த 22 சம இடைவெளி கொண்டதல்ல.)

அம்பிலும் ஒரு சிக்கல் உண்டு. நவீன ஸ்கோர்கள் பலவற்றில் அதற்குக் கால் டோன், 50 சென்ட் என்று பொருள். ஹெல்ம்ஹோல்ட்ஸ்-எல்லிஸில் அது ஏறக்குறைய 21.5 சென்ட் கமா, அதாவது ஃபிஃப்த் வழி வரும் தேர்டுக்கும் இனிக்கும் தேர்டுக்கும் உள்ள சிறு வித்தியாசம். 31-இல் அந்தக் கமா மறைந்தே போகிறது, அங்கே அம்பு போட்டால் எதுவும் நகராது.

சாஜிட்டல் பற்றி எனக்கு இரண்டு மனது. ஜார்ஜ் செகோரும் டேவ் கீனனும் உருவாக்கிய முறை, எந்தப் பிரிவுக்கும் ஈடுகொடுக்கும். தர்க்கத்தில் ஓட்டை கிடையாது. ஆனால் நடுக்கோட்டின் இடப்பக்கமா வலப்பக்கமா, சிறகு நேரா வளைவா என்பதில்தான் பொருள் எல்லாம் இருக்கிறது. திரையில் பெரிதாக்கினால் அழகு. ஏ4 தாளில் அச்சடித்து செல்லோ வாசிப்பவர் முன் ஸ்டாண்டில் வைத்தால் வளைவும் நேரும் ஒன்றாகத் தெரிகின்றன. பல ட்யூனிங்குகளை ஒப்பிட்டு ஆராய்பவருக்குச் சாஜிட்டல் சரி. நாலு நாள் ஒத்திகையில் மேடை ஏற வேண்டியவர் கையில் கொடுக்க மாட்டேன்.

ஃபான்ட் வரைவதோடு சரி, ஒலிக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். ஒலி வேண்டுமானால் டோரிகோ ப்ரோவில் ட்யூனிங்கை நீங்களே அமைத்து, எந்தக் குறி எத்தனை படி என்று சொல்லிவிடலாம். அது இலவசமில்லை.

பிராவுரா டெக்ஸ்ட் என்ற துணை ஃபான்டையும் இறக்கிக்கொள்ளுங்கள், சாதாரண வரிகளுக்கு நடுவே குறி போட அதுதான் வசதி. 31-இல் எழுதும்போது முதல் பக்கத்திலேயே ஒற்றைக் கால் ஷார்ப்பைப் போட்டு, பக்கத்தில் '39 சென்ட்' என்று எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால், கால் டோன் பழகியவர்கள் அதை 50-க்கு ஏற்றிவிடுவார்கள்.